மூன்றாம் முறை வளர்ந்த சதை

கிரேன் ஓட்டுகிறவனுக்கு வலது கண்ணில் மூன்றாம் முறையாகச் சதை வளர்ந்திருந்தது. மூக்கோரம் கிளம்பி, கருவிழிமேல் ஏறி உட்கார்ந்திருந்தது சனியன். புற்று கிற்று ஒன்றுமில்லை, ஆளைக் கொல்லாது. ஆனால் விட்டபாடும் இல்லை. வைத்தியம் பார்ப்பது சொந்தத் தங்கை. “என் பேச்சத் தட்டவே மாட்டா” என்று கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வான்.

அது உண்மைதான், அதுதானே வினை! முதல் தடவையே, சதையை வெட்டிய இடத்தில் மேலிமைக்கு அடியிலிருந்து மெல்லிய சவ்வை எடுத்து ஒட்ட வேண்டும், கொஞ்ச நாள் ஓய்வு வேண்டும் என்றாள். “அதெல்லாம் வேணாம் பாப்பா, பாலம் வேலை நிக்குது. சட்டுனு வெட்டி விடு” என்று அடம்பிடித்தான். வேறு யாராவது கேட்டிருந்தால் விரட்டியிருப்பாள். அண்ணனாயிற்றே, ஒட்டாமல் விட்டாள். மறுபடி வளர்ந்தது. இரண்டாம் தடவை ஒட்டினாள். கண்ணில் சிவப்பு போய் வெளுத்ததுமே சொட்டு மருந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கறுப்புக் கண்ணாடிகூட இல்லாமல் வெயிலில் கிரேன் ஏறிவிட்டான் மகராசன்.

“ஏண்ணே, இவ்வளவு தூரம் விட்டு வச்சிருக்க?”

“நீ இருக்கேங்கற தைரியந்தான். வெட்டறத அப்புறம் பாக்கலாம். வேலைக்கு லாயக்குன்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடு. நாளைக்குக் கேப்பாங்க.”

அவள் எழுந்து, அவனுக்கு வலப்பக்கம் இருந்த குழாயில் வெகுநேரம் கை கழுவினாள்.

“மொதல்லயே உன்ன அதட்டியிருக்கணும். டாக்டரா இல்லாம தங்கச்சியா இருந்துட்டேன்” என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அங்கேயே நின்றபடி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேனாவைத் திறந்தாள். “குடு, எங்க போடணும்?”

அவனுக்குத் தெரியும். கேட்டால் போட்டுவிடுவாள். போன வாரம் கொக்கி இரண்டாகத் தெரிந்து, இரும்பு உத்தரம் கீழே நின்றவர்களின் தலைக்கு மேல் ஆடியதை அவளிடம் மூச்சுவிடவில்லை. நேரே பார்த்தால் எல்லாம் ஒன்று. வலப்பக்கம் பார்த்தால் எல்லாம் இரண்டு. சதை கண்ணைத் திரும்பவிடாமல் இழுத்துப் பிடித்திருந்தது. சொன்னால் கிரேன் போச்சு. அவனுக்கு வேறு பிழைப்பும் தெரியாது.

தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டி அவளைப் பார்த்தான்.

“ஏன் பாப்பா, ரெண்டு பேரும் அழறீங்க?”

“எந்த ரெண்டு பே...” என்றவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவனைத் தவிர அறையில் இருந்தது அவள் ஒருத்திதான்.

“கையெழுத்துப் போடாத” என்றான்.

அன்றைக்கும் அவள் அண்ணன் பேச்சைத் தட்டவில்லை.