இந்தா வாரேன்

ஜெயபாண்டி தன் பட்டறைக்குள்ளிருந்து சொன்ன "இந்தா வாரேன்" என்பதில் "இந்தா" செவ்வாய்க்கிழமை காலையிலும் "வாரேன்" சனிக்கிழமை மத்தியானமும் வெளியே வந்து சேர்ந்தன. நடுவில், புதன்கிழமை, அவனுடைய அப்பா நல்லகாமன் இறந்துபோனார். வெள்ளிக்கிழமை வரை ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் தாங்காது என்று பங்காளி வீட்டுப் பையனைக் கொண்டு கொள்ளி வைத்தார்கள். "வாரேன்" கேட்டபோது ஜெயபாண்டியின் மனைவி சத்யப்ரியா மாமனாரின் படுக்கை விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிக் கேட்டாள். பிறகு விரிப்பைப் பிழிந்து கொடியில் போட்டாள். 2009ஆம் வருடம், புரட்டாசி மாதம். திருநகரில் அந்தத் தெருவில் யாரும் இதை அதிசயமாகப் பேசவில்லை. கொள்ளி வைக்க மகன் வரவில்லை என்பதைத்தான் பேசினார்கள்.

பட்டறை என்பது கார் நிறுத்தக் கட்டி, கார் வாங்காததால் காலியாகக் கிடந்த கொட்டகை. ஜெயபாண்டி ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். மரவேலை அவன் தொழில் இல்லை, ஆசை. கல்யாணமான வருடம் சத்யப்ரியாவுக்குப் பூவரசங்கட்டையில் ஓர் அஞ்சறைப்பெட்டி செய்து கொடுத்தான். அதன் மூடி சத்தமே இல்லாமல் உட்காரும். அந்த மூடியைத் திறந்து மூடுவதற்காகவே ஒரே குழம்புக்கு இரண்டு தடவை கடுகு தாளித்தவள் அவள். 2004இல், மகள் பவதாரிணிக்கு ஒரு வயதானபோது, பழைய மரக்கடையிலிருந்து தேக்கு நிலை ஒன்றை வாங்கிவந்து கொட்டகைக்கு வாசல் வைத்தான். மஞ்சள், குங்குமம், மாவிலை, நவதானியம் எல்லாம் முறைப்படி நடந்தன. பொங்கல் சாப்பிட வந்த அவன் கூட்டாளி காளைதான் முதலில் பார்த்தான். காளை தொழில்முறைத் தச்சன். நிலைக்கு மரம் வைத்தால், அது காட்டில் நின்ற வாக்கிலேயே நிற்கவேண்டும், அடிப்பக்கம் கீழே, நுனிப்பக்கம் மேலே என்பது அவர்கள் தொழிலில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம்.

"மாப்ள, தலகீழா நிக்குதுடா. அடி மேல போயி நுனி மண்ணுல கெடக்கு. சிமெண்ட்டு காயுறதுக்குள்ள பேத்துருவோம்."

"ரேகை இப்படி வச்சாத்தான் அழகா இருக்குண்ணே. நல்ல நேரம் வேற பத்தேகாலோட முடியுது. செத்த மரத்துக்கு எது அடி, எது தல?"

"உனக்குத் தெரியாட்டி அதுக்கும் தெரியாதாக்கும்," என்று சொல்லிவிட்டுக் காளை இன்னொரு கரண்டி பொங்கல் போட்டுக்கொண்டான். சிமெண்ட் காய்ந்துவிட்டது.

அன்றிலிருந்து பட்டறைக்குள் நேரம் திருநகர் குழாய்த் தண்ணீர் போல வந்தது. சில நாள் பரவாயில்லாமல், சில நாள் சொட்டுச் சொட்டாக. உள்ளே ஒரு மணி நேரம் என்பது வெளியே ஒரு நாளாக இருக்கும், ஒரு மாதமாகவும் இருக்கும். மகளுக்கு நடைவண்டி செய்ய ஒரு காலையில் உயரம் அளந்துகொண்டு உள்ளே போனான். வண்டியோடு வெளியே வந்தபோது குழந்தை தெருமுனை வரை ஓடிப்போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. சத்யப்ரியா சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினார்கள். தண்ணீர் பிடிப்பதும், மாவு அரைப்பதும், அப்பாவுக்கு மாத்திரை கொடுப்பதும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் அவன் பொறுப்பு. சமையலும் மற்றதும் அவளுடையது. பட்டறை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும். ஒப்பந்தத்தை அவன் மனதாரத்தான் ஏற்றுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் முடிந்து வெளியே வந்தால் சில வாரம் திங்கள் மத்தியானமாக இருந்தது, சில வாரம் அடுத்த வெள்ளியாக இருந்தது. பிடிக்க வேண்டிய தண்ணீரை அவள் பிடித்திருப்பாள்.

வாசலில் நின்று பார்த்தால் அவன் தெரிவான். இழைப்புளியிலிருந்து ஒரு மரச்சுருள், கொடி வளர்வது போல, ஒரு வாரமாக வளர்ந்துகொண்டிருக்கும். உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் பக்கத்துத் தெருவில் கிரைண்டர் ஓடுவது போல நாள் முழுக்கக் கேட்கும். சத்யப்ரியா ஒரு நாளும் நிலையைத் தாண்டவில்லை. பிள்ளை வெளியே இருந்தது. மாமனார் வெளியே இருந்தார். ஊறப்போட்ட உளுந்து வெளியே இருந்தது. வலது கையை மட்டும் நீட்டி டீ டம்ளரைக் கொடுப்பாள். சில நாள் அந்தக் கையை அரை நாள் நீட்டிக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது. அதனால் அந்தக் கை மட்டும் அவளோடு சேர்ந்து வயதாகவில்லை. கீழக்குயில்குடி சாலையில் இருந்த சிறிய தபால் நிலையத்தில் அவளுக்கு வேலை. தினமும் காலையில் முத்திரையில் தேதியை மாற்றிவிட்டுத் தபால்களில் குத்துவாள். குத்துகிற கை இருபத்தெட்டு வயதுப் பெண்ணுடையதாகவே நின்றுவிட்டது. தபாலைப் பிடித்துக்கொள்ளும் இடது கையில் நரம்பு புடைக்கத் தொடங்கியிருந்தது.

நல்லகாமனுக்குப் பக்கவாதம் வந்து படுத்தபோது, அவர் உட்கார்ந்தபடியே காலைக்கடன் கழிக்க நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி ஒன்று தேவைப்பட்டது. கடையில் கிடைத்த பிளாஸ்டிக் நாற்காலி அவருக்கு வழுக்கியது. அப்பா உடம்புக்கு அளவெடுத்துச் செய்கிறேன் என்று ஜெயபாண்டி உள்ளே போனான். அந்த இரண்டு மாதமும் அவரைத் தூக்கியதும், துடைத்ததும், புரட்டிப் படுக்கவைத்ததும் சத்யப்ரியாதான். பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரி கால் பக்கம் பிடிப்பாள். கடைசி வாரம் அவருக்குப் பேச்சு போய்விட்டது. கண் மட்டும் பட்டறைப் பக்கமே இருந்தது. சத்யப்ரியா வாசலில் நின்று தொண்டை கட்டும் வரை கூப்பிட்டாள். உறவுக்காரர்கள் வரிசையாக நின்று கூப்பிட்டார்கள். கிடைத்த பதில் முதலில் சொன்னதுதான்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து ஒன்பது நாள் கழித்து அவன் நாற்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். கைப்பிடியில் விரல் பதியப் பள்ளம் எடுத்திருந்தான். அப்படி ஒரு நாற்காலியை அந்தத் தெரு அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

"அப்பாவக் கூட்டியா சத்யா. உக்கார வச்சு உயரம் பாக்கணும்."

அவள் மாலை போட்ட படத்தைக் காட்டினாள். அவன் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டான். "கூப்பிட்டிருக்கலாம்ல," என்றான்.

"அம்புட்டுப் பேரும் நின்னு கூப்பிட்டோம்."

"அணில் கத்துதுன்னு நெனச்சேன்," என்றான் ஜெயபாண்டி. "ரெண்டு, மூணு அணில். டீ வந்ததும்தான் நீ நிக்கிறது தெரிஞ்சுது."

அவள் ஐந்து வருடமாகச் சொன்னதெல்லாம் உள்ளே வேகம் கூடி அணில் சத்தமாகத்தான் போய்ச் சேர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு பதினோரு மாதம் அவன் பட்டறையைத் திறக்கவில்லை. தண்ணீர் பிடித்தான், மாவு அரைத்தான், மகளுக்கு இரட்டைச் சடை பின்னக் கற்றுக்கொண்டான். மூன்று பேரும் ஒரே வண்டியில் வண்டியூர் தெப்பக்குளம் போய்ப் பொரி வாங்கித் தின்றார்கள். காளை கடப்பாரையோடு வந்து நிலையைப் பேர்த்துவிடலாம் என்றபோது, "பூட்டுத்தான் போட்டாச்சேண்ணே, நல்ல தேக்கு, எதுக்கு அத இடிச்சுக்கிட்டு," என்று சொன்னது சத்யப்ரியாதான். அந்தச் சொல்லுக்காக அவள் பிறகு எத்தனையோ நாள் தன்னை நொந்துகொண்டாள்.

ஏழு வயது பவதாரிணி தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதுவதை அவன் பார்த்தான். ஒரு சின்ன மேசை, அரை மணி நேரம், என்றான். மேசையோடு வெளியே வந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது. வேலை போய் ஆறு வருடமாகியிருந்தது. மகள் அந்த மேசை முன் உட்கார்ந்து காட்டினாள். முழங்கால் உள்ளே போகவில்லை. எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். மறுநாள் அவன் சத்யப்ரியாவோடு ரேஷன் கடைக்குப் போனபோது எடை போடுகிறவர், "தம்பியாக்கா?" என்று கேட்டார். "ஆமா, தம்பி," என்று அவள் பையை விரித்துப் பிடித்தாள். அவன் வீடு வரை அரிசியைத் தலையில் வைத்துத் தூக்கிவந்தான்.

அந்த ஒரு வருடம் வீட்டு வேலை முழுவதையும் அவனே பார்த்தான். அவன் வைத்த குழம்பை மகள் சாப்பிட ஆரம்பித்தாள், பேசவும் ஆரம்பித்தாள். அந்தத் தைரியத்தில்தான் அவன் யோசித்து ஒரு திட்டம் சொன்னான். பிள்ளை கல்யாணத்துக்குச் சீர்க்கட்டில் செய்யவேண்டும். கல்யாணத்துக்கு இன்னும் ஏழெட்டு வருடம் இருக்கிறது. இப்போதே உள்ளே போனால் நேரத்துக்கு வந்துவிடலாம். "இந்தத் தடவ நான் முந்திக்கிட்டேன் சத்யா," என்று சிரித்தான். முதல்முறையாக அவன் கணக்குப் போட்டுப் பேசுகிறானே என்று அவள் சரி என்றாள். 2018 தை மாதம் உள்ளே போனான்.

போன வருடம் ஆவணியில் முகூர்த்தம் குறித்தபோது கட்டிலுக்கு மூன்று கால் முடிந்து, நான்காவது கால் அவன் மடியில் இருந்தது. சத்யப்ரியா மூன்று வாரம் வாசலிலேயே நின்றாள். பத்திரிகையை நீட்டினாள், தாலிச் சங்கிலியை நீட்டினாள். வெறும் கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டை மரம் போல அசையாமல் இருந்தது. மகளைத் தாரை வார்க்கும்போது அவன் பக்கத்தில் இருக்கவேண்டும். நிலை வைத்த இருபத்தொரு வருடத்தில் அவள் அவனிடம் கேட்க நினைத்தது அந்த ஒன்றுதான். கடைசியில் காளையை வரச்சொன்னாள். அவனுக்கும் தலை நரைத்திருந்தது.

"பேத்துரலாம் தங்கச்சி. ஆனா அவன் உள்ள இருக்கயில பேத்தா, நின்னுபோன வருசமெல்லாம் ஒண்ணா அவன் தலையில எறங்குமா, என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது."

"உள்ள போயி நானே இழுத்துட்டு வந்துரவா?"

பின்னால் நின்ற பவதாரிணி, "ஒரு ஆளாவது வெளிய இரும்மா," என்றாள்.

காளை கடப்பாரையை நிலைக்கும் சுவருக்கும் நடுவில் வைத்தான். சத்யப்ரியா உள்ளே பார்த்தாள். ஜெயபாண்டியின் மூக்கு நுனியில் ஒரு வியர்வைத் துளி நான்கு நாளாக விழாமல் நின்றது. அஞ்சறைப்பெட்டி செய்தபோதும் அவன் முகம் இப்படித்தான் இருந்தது. "வேணாம்ணே," என்றாள். காளை கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். திருப்பரங்குன்றத்தில் கல்யாணம் நடந்தது. நல்லகாமனுக்குக் கொள்ளி வைத்த அதே பங்காளிப் பையன், இப்போது ஆளாகி, அப்பா இடத்தில் நின்று தாரை வார்த்தான். வீடியோ எடுத்தவர், "அப்பா கொஞ்சம் முன்னால வாங்க," என்று இரண்டு தடவை அவனைக் கூப்பிட்டார். இரண்டு தடவையும் சத்யப்ரியா திரும்பிப் பார்த்தாள்.

மகள் ஓசூருக்குப் போன பிறகு ஒரு புதன்கிழமை காலையில் சத்யப்ரியா தபால் நிலையத்துக்கு லீவு சொன்னாள். பெரிய பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்தாள். முகூர்த்தப் புடவையை மடித்து வைத்தாள். சிலிண்டரை மூடினாள். மறுநாளைக்கு என்று எதையும் ஊறப்போடவில்லை. இரண்டு டம்ளரில் டீ எடுத்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகையை இடுப்பில் செருகிக்கொண்டு, சாவியைப் பாண்டீஸ்வரியிடம் கொடுத்தாள்.

"எங்க போற?"

"அவுககிட்ட ஒரு விசயம் சொல்லணும்க்கா. வெளிய இருந்து சொன்னா அணிலாப் போயிருது. அஞ்சு நிமிசத்துல வாரேன்."

வலது காலை எடுத்து வைத்து நிலையைத் தாண்டினாள்.

பிறகு நடந்தவை குறைவு. கார்த்திகை வரை ஜெயபாண்டியின் தலை அவள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. தை மாதம் உளி அவன் கையிலிருந்து விழத் தொடங்கியது. மாசியில் தரையைத் தொட்டது. அந்தச் சத்தம் சிவராத்திரி முடிந்த மறுநாள் கேட்டது. டீயின் ஆவி வெள்ளை நூல் போல இரண்டு டம்ளருக்கு மேலும் அப்படியே நிற்கிறது. சத்யப்ரியாவின் வாய் திறந்திருக்கிறது. கோபத்தில் திறந்த வாய் என்று பாண்டீஸ்வரி சொல்கிறாள். இல்லை, அழுகை என்று காளை சொல்கிறான். சொல் இன்னும் வந்து சேராததால் இருவரும் சண்டை போட்டுக்கொள்வதில்லை. தபால் நிலையத்தில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது.

சித்திரையில் பவதாரிணி வளைகாப்பு முடிந்து பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்தாள். சாவியை வாங்கி வீட்டைத் திறந்து, ஒட்டடை அடித்தாள். பட்டறை வாசலில் நின்று, "அம்மா," என்று கூப்பிட்டாள். இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

"ஏண்டி வாயும் வயிறுமா நின்னுக்கிட்டுக் கத்துற," என்றாள் பாண்டீஸ்வரி மதில்மேல் சாய்ந்துகொண்டு. "உள்ள அது அணிலு."

பவதாரிணி வலது கையை மட்டும் நிலைக்குள் நீட்டி, கண்ணாடி வளையல்களைக் குலுக்கினாள். பதினோரு நாள் கழித்து ஒரு "இந்தா" வந்தது. பெண் குரல். குழம்புக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, மிச்சமும் வருமா என்று சற்று நேரம் கேட்டாள். பிறகு எழுந்து, அம்மா எப்போதும் போடுகிற அளவில், மறுநாளைக்கு அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டாள்.