மரப்பு இறங்கும் வரை

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் கணவரின் இரண்டு புறங்கைகளிலும் களிம்பு பூசுவது அவளுடைய வேலை. நரம்பு தெரியும் இடமாகப் பார்த்துத் தடிமனாக வைத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிடுவாள். ஒரு மணி நேரத்தில் தோல் மரத்துவிடும். ஊசி இறங்குவது தெரியாது.

ஒரு கை போதாது. அவருடைய நரம்புகள் ஒளிந்துகொள்வதில் கெட்டி. சிகிச்சை தொடங்கிய புதிதில், மருந்து ஏற்றும் குழாயைச் செருக நர்ஸ் இந்தக் கையில் குத்தி, அந்தக் கையில் குத்தி, மறுபடி இந்தக் கைக்கே வந்தபோது அவர் அழுதுவிட்டார். அதுவரை அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்ததும், இனி செத்தாலும் அங்கே வரமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வலிக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று அவள் வாக்குக் கொடுத்த பிறகுதான் இந்தப் பக்கம் திரும்பினார். மறுநாளே அவள் போய் அந்த நர்ஸிடம் விசாரித்து வாங்கி வந்ததுதான் இந்தக் களிம்பு.

இதில் ஒரு சங்கடம். ஊசி போடும் நேரத்தில் பிடித்துக்கொள்ள அவருக்குக் கை மிச்சமிருக்காது. அதனால் அவள் பின்னால் நின்று அவருடைய காதைப் பிடித்துக்கொள்வாள்.

“இன்னைக்கு என்னக்கா தப்பு பண்ணினாரு?” என்பாள் நர்ஸ்.

“அது நிறைய இருக்கும்மா. நீ உன் வேலையைப் பாரு, நான் ஒண்ணொண்ணா சொல்றேன்.”

அவர் சிரிப்பார். சிரித்து முடிப்பதற்குள் குழாய் உள்ளே போயிருக்கும்.

அன்றும் ஆட்டோவில் இரண்டு கைகளையும் எதிலும் படாமல் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார். புதுசா பெயின்ட் அடிச்ச கதவு மாதிரி வர்றீங்களே என்று அவள் கேலி செய்தாள்.

ஆனால் ஊசி போடும் அறைக்கு அவர்களை அனுப்பவில்லை. டாக்டரம்மா தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். நோய் மருந்துக்குக் கேட்கவில்லை என்றார். இதற்கு மேல் ஏற்றினால் உடம்பு தாங்காது, வீட்டிலேயே வைத்து, மாத்திரை கொடுத்து, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எத்தனை நாள் என்று அவள் கேட்கவில்லை.

“அப்போ இனிமே ஊசியே கிடையாதா டாக்டர்?” என்று அவர் கேட்டார்.

“கிடையாதுங்க.”

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை நாள் வேண்டிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஒட்டியிருந்த தாள்களை உரித்தாள். பஞ்சால் களிம்பைத் துடைத்தாள். அந்த வழியாக வந்த நர்ஸ் அவர்களுடைய முகங்களைப் பார்த்துவிட்டு, அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அவள் அவருடைய புறங்கையை மெல்ல வருடினாள்.

“தெரியுதா?”

“இல்ல. இன்னைக்கு நல்லாவே மரத்திருக்கு.”

ஆட்டோ பார்க்கிறேன் என்று எழுந்தவளை அவர் நிறுத்தினார்.

“உட்காரு. மரப்பு போகட்டும். உன் கை எனக்குத் தெரிஞ்சதும் கிளம்பலாம்.”

அவள் உட்கார்ந்தாள். வருடிக்கொண்டே இருந்தாள். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போய், வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு நேரத்தில், அவள் விரல் போன வழியில் அவருடைய புறங்கை ரோமங்கள் சிலிர்த்து நின்றதைப் பார்த்தாள்.

“தெரியுதா?”

“இன்னும் இல்ல,” என்றார் அவர்.

அவள் கையை எடுக்கவில்லை.