மூன்று தட்டு

ஸஹானாவின் அம்மா சுப்புலக்ஷ்மிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய் இரண்டு வருஷம் ஆகிறது. மேற்கு மாம்பலத்தில் பழைய வீட்டின் மாடியில் அம்மாவும் பெண்ணும் மட்டும். கட்டிலோரம் ஒரு கைத்தடி இருக்கும். மகள் வெளியே போயிருக்கும்போது அவசரம் என்றால் அம்மா தரையில் மூன்று தட்டுத் தட்டுவாள். கீழ் வீட்டில் தையல் மெஷினோடு மல்லுக்கட்டும் இசக்கியம்மாள் மாற்றுச் சாவியோடு ஏறி வந்துவிடுவாள். ஒருதரம்கூடத் தாமதித்ததில்லை.

ஆபீஸ் வேலையும் வீட்டிலிருந்தேதான். நாலு சுவருக்குள் பைத்தியம் பிடிக்காமல் இருக்க ஸஹானா பிடித்துக்கொண்டது யோயோ, அதுவும் கயிற்றில் கட்டாத யோயோ. சுற்றி வீசினால் கயிற்றை விட்டுக் கழன்று பறக்கும். கயிற்றை இரு கைக்கும் நடுவே நீட்டி, சுழலச் சுழல அதை மேலே வாங்கிக்கொள்ள வேண்டும். முப்பது வயதில் விளையாட்டு கேட்கிறதா என்று சிரிப்பவர்கள் இரண்டு வருஷம் அந்த வீட்டில் இருந்து பார்க்கட்டும்.

கற்றுக்கொள்ளும்போது கீழே மெத்தை விரிக்கச் சொன்னது வீடியோ. வீட்டில் உபரி மெத்தைக்கு எங்கே போவது? கல்யாண ஜமக்காளத்தை மடித்துப் போட்டாள். அதைத் தாண்டித்தான் விழுவேன் என்று அடம்பிடித்தது யோயோ. விழுந்து, எகிறி, மறுபடி விழுந்தது. டொக், டொக், டொக்.

முதல் நாளே இசக்கியம்மாள் மூச்சிரைக்க வந்து நின்றாள். மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஸஹானாவை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான் ஆத்துல இருக்கறச்சே சத்தம் கேட்டா வராதீங்கோ அக்கா. வெளில போனா உங்ககிட்ட சொல்லிண்டுதான் போவேன்."

நல்ல ஏற்பாடுதான். சொன்னவள் காப்பாற்றியிருக்க வேண்டும்.

பனகல் பார்க்கில் இதே கிறுக்குப் பிடித்த நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவது அவளுக்குத் தெரியவந்தது. அந்த ஞாயிறு அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்து, கைத்தடியை எட்டும்படி வைத்துவிட்டு இறங்கினாள். இசக்கியம்மாள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாவம், முழங்கால் வலியோடு எழுந்து வர வேண்டும். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடப் போகிறோம் என்று நினைத்துத் தெருவில் இறங்கிவிட்டாள்.

பார்க்கில் அன்று தொடர்ந்து பதினொரு முறை பிடித்தாள். ஒன்றுகூடத் தரை தொடவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள், அவளுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமாயிற்று.

திரும்பியபோது அம்மா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. கைத்தடி இன்னும் கையில் இருந்தது. ஒரே இடத்தில் தட்டித் தட்டி அங்கே தரையின் சிவப்புப் பூச்சு பெயர்ந்திருந்தது.

அலறல் கேட்டு ஏறி வந்த இசக்கியம்மாள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கேட்டுச்சு பாப்பா. ரொம்ப நேரம் கேட்டுச்சு. இன்னிக்கு புள்ள விடாம வெளையாடுதேன்னு நெனச்சேன்."

அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ஸஹானாவுக்கு.

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்தார்கள். மாற்றுச் சாவியைத் திருப்பி வாங்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் ஸஹானா தோள்பையைக் காலி செய்தபோது யோயோ கை தவறி விழுந்தது. டொக், டொக், டொக்.

படியில் தடதடவென்று காலடி கேட்டது. பூட்டில் சாவி திரும்பியது. இசக்கியம்மாள் மூச்சிரைக்க உள்ளே வந்து, ஸஹானாவைத் தாண்டி, நேரே அந்தக் காலிக் கட்டிலருகே போய் நின்றாள்.