மூன்றாவது முனையின் தாமதம்

பன்னிரண்டு கான்டாக்டர்களையும் தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்த அண்ணி, முன்சக்கரம் மஞ்சள் பட்டையைத் தொட்டதும் நிறுத்தினாள். அதற்கு மேல் அவள் வரக்கூடாது. தரையில் பூசிய அந்தப் பட்டைக்கு இந்தப் பக்கம் பொருத்துகிறவர்கள், அந்தப் பக்கம் சோதிக்கிறவர்கள். சோதிக்கிற கை பொருத்துகிற மேசையைத் தொடக்கூடாது என்பது அந்தப் பட்டறையின் சட்டம். தொட்டால் வேலை போய்விடும்.

“பன்னெண்டும் ஃபெயில்,” என்றாள் அண்ணி.

“பன்னெண்டுமா?”

“ஒண்ணு ரெண்டு பாஸ் ஆகியிருந்தா, நாத்தனாருக்கு விட்டுக்குடுத்துட்டான்னு பேசுவாங்க. நல்லவேளை, அந்தக் கெட்ட பேரும் இல்ல.”

“அண்ணி, உங்க மெஷினுக்குக் கண்ணு மங்கிப்போச்சு.”

“மெஷினுக்கு நாத்தனாரும் தெரியாது, அண்ணியும் தெரியாதுடி இம்மி. அதுக்குத் தெரிஞ்சது திரையில வர்ற மூணே கோடு, முனைக்கு ஒண்ணு. மூணாவது கோடு லேட்டா வருது. நான் என்ன, அதைக் கையப் புடிச்சு இழுத்துட்டா வர முடியும்?”

இம்மி என்பது பட்டறை வைத்த பெயர். சொந்தப் பெயர் சம்பளத் தாளில் மட்டும்தான் இருந்தது. பார்சல் பிரிவில் பதினோரு வருஷம் அட்டைப்பெட்டிகளுக்கு நாடா ஒட்டியவள் அவள். நாடாவின் ஓரமும் பெட்டியின் ஓரமும் இம்மி பிசகாமல் சேரவில்லை என்றால் பிரித்து மறுபடி ஒட்டுவாள். நாடா வீணாகிறது என்று திட்டு வாங்குவாள், அடுத்த பெட்டியையும் பிரிப்பாள். கடைசியில், இந்தப் பிடிவாதத்தைக் கொண்டுபோய் இடைவெளி வைக்கிற மேசையில் உட்கார வைத்தால் என்ன என்று முதலாளிக்கே தோன்றி, மூன்று மாதத்துக்கு முன்னால் அவளை இங்கே மாற்றினார். வந்த முதல் நாள் மேசை விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்தாள். தனக்கென்று ஒரு விளக்கு, தனக்கென்று ஒரு இழுப்பறை, அதற்கு ஒரு சாவி. வீட்டுக்குப் போய் அந்தச் சாவியை அண்ணனிடம் காட்ட, அவன் “பீரோவே வாங்கிட்டியா?” என்று கேட்டான். அண்ணிதான் அதை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கொடுத்தாள்.

கான்டாக்டர் என்றால் ஒன்றும் பெரிய மாயமில்லை. பெரிய மோட்டார்களை ஓட்டவும் நிறுத்தவும் உதவுகிற, காந்தம் இழுக்கிற சுவிட்ச். குறுக்கே ஒரு தண்டு. தண்டில் வரிசையாக மூன்று செம்பு முனைகள். அவற்றுக்கு எதிரே அசையாமல் மூன்று முனைகள். காந்தம் தண்டை இழுத்ததும் மூன்றும் ஒரே நொடியில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒன்று பிந்தினால் மற்ற இரண்டும் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்து, பொறி பறந்து, கருகிப்போகும். அதனால்தான் எதிரெதிர் முனைகளுக்கு நடுவில் அளந்து வைக்கிற இடைவெளி. எட்டு மில்லிமீட்டர் என்று காகிதத்தில் இருந்தது. அரை மில்லி கூடலாம், அரை மில்லி குறையலாம் என்று அதே காகிதத்தில் சலுகையும் இருந்தது. அந்தச் சலுகையை இம்மி ஒருநாளும் தொட்டதில்லை. அவளுக்கு எட்டு என்றால் எட்டு.

முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி வந்தார். கோபக்காரர் இல்லை. அதுதான் கஷ்டம்.

“நாலு மணிக்கு வாங்குறவங்களோட இன்ஸ்பெக்டர் வர்றாரும்மா. இந்த நீள மாடல் நமக்குப் புதுசு, எனக்கும் தெரியும். ஆனா இன்னிக்கும் ஃபெயில் ஆச்சுன்னா, செட் பண்ணின தண்டையே வெளியில வாங்கிக்கலாம்னு இருக்கேன். இந்த மேசைக்கு வேலை இருக்காது. உன்மேல வருத்தம் இல்ல. பார்சல்ல உன் ஸ்டூல் அப்படியேதான் கெடக்கு.”

அவர் போன பிறகும் அந்த ஸ்டூல் என்ற சொல் போகவில்லை. ஒரு காலுக்குக் கீழே அட்டை மடித்து வைத்த ஸ்டூல். இம்மி விளக்கை இழுத்துக் கிட்டே வைத்துக்கொண்டாள். முதல் கான்டாக்டரைத் தூக்கி வைத்தாள். எட்டு மில்லி எஃகுக் கட்டையை முதல் முனைக்குள் நுழைத்தாள். வழுக்கிக்கொண்டு போய், போகவா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கி நின்றது. அந்தத் தயக்கம்தான் எட்டு. இரண்டாவது முனையிலும் அதே தயக்கம், மூன்றாவதிலும் அதே. மூன்று முனைக்கும் மூன்று சின்ன பல்புகளைக் கோத்து, தண்டின் நடுவில் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தினாள். மூன்று பல்பும் ஒன்றாக எரிந்தன. மறுபடி அழுத்தினாள். ஒன்றாகத்தான். பன்னிரண்டையும் அப்படியே பார்த்தாள். பன்னிரண்டிலும் பிள்ளைகள் கைகோத்துக் குதிக்கிற மாதிரி மூன்றும் ஒன்றாக எரிந்தன.

“என் கண்ணு பொய் சொல்லல,” என்று உரக்கவே சொன்னாள். கேட்க யாரும் இல்லை. சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் போயிருந்தார்கள். அவளுக்குப் பசி இல்லை. ஒரு கான்டாக்டரைப் பிரித்து, முனைகளைத் துடைத்து, மறுபடி பூட்டி, மறுபடி கட்டையை நுழைத்தாள். எட்டு. என்ன செய்தாலும் எட்டாகவே இருந்தது. சரியாக இருக்கிற ஒன்றை எந்தப் பக்கம் திருத்துவது? அந்த நிலைமை எவ்வளவு கொடுமை என்று தப்பே செய்யாமல் திட்டு வாங்கியவர்களுக்குத் தெரியும்.

மஞ்சள் பட்டைக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டு டப்பாவோடு அண்ணி நின்றாள்.

“சாப்பிட்டுத் தொலை. நீ பட்டினி கெடந்தா உங்க அண்ணன் என்னைத்தான் கேப்பாரு.”

“அண்ணி, இங்க வந்து பாருங்க. மூணும் ஒண்ணாத்தான் எரியுது. நான் பொய்யா சொல்றேன்?”

“அங்கல்லாம் நான் வரக்கூடாது.”

“யாரும் இல்ல அண்ணி.”

அண்ணி இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, ஓடையைத் தாண்டுகிறவள் மாதிரி பட்டையைத் தாண்டினாள். மேசையின் வலது பக்கம் அலமாரி. நடுவில் இம்மி. மிச்சமிருந்தது இடது பக்கம் மட்டும். அங்கே ஒடுங்கி நின்று, “எங்க, நான் அமுக்குறேன்,” என்று கை நீட்டியவளுக்குத் தண்டின் நடு எட்டவில்லை. எட்டிய இடத்தில், தண்டின் இடது கோடியில் காந்தம் இழுத்துப் பிடிக்கிற இரும்புத் தகட்டின் மேலேயே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

முதல் பல்பு எரிந்தது. கூடவே இரண்டாவது. மூன்றாவது எரியவில்லை. அண்ணியின் விரல் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அப்புறம்தான் எரிந்தது.

“பாத்தியா, நான் சொன்னேன்ல,” என்றாள் அண்ணி.

இம்மியின் கண் மூன்றாவது பல்பிலேயே இருந்தது. அவள் காது இரண்டும் சூடாகிவிட்டன. “இன்னொரு தடவ அமுக்குங்க,” என்றாள். அண்ணி அமுக்கினாள். ஒன்று, இரண்டு… மூன்று. “இன்னொரு தடவ. மெதுவா.” ஒன்று, இரண்டு, அப்புறம் மூன்று. இம்மி குனிந்து, தண்டின் வலது கோடிக்குக் கிட்டே கன்னத்தைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். அங்கேதான் தண்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங் இருந்தது. இடது கோடியில் தகடு இழுக்கிறது, வலது கோடியில் ஸ்பிரிங் விடமாட்டேன் என்கிறது. நடுவில் நீளமான தண்டு, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் முறுக்கிக்கொள்கிறது. பழைய மாடலில் தண்டு குட்டை, முறுக்கம் வர இடமில்லை. இதில் இருக்கிறது.

“அண்ணி!” என்று கத்தியவள் அண்ணியின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். “காந்தம் நடுவுல இழுக்கல அண்ணி! ஓரத்துல இழுக்குது! நான் மூணு மாசமா நடுவுல அமுக்கிட்டு இருக்கேன்! காந்தத்துக்கு என்னை மாதிரி நடுவுல கட்டைவிரலா இருக்கு?”

“மெதுவா பேசுடி, யாராச்சும் வந்துடப் போறாங்க.”

“மூணாவதுக்கு எட்டு வைக்கக்கூடாது. ஏழரைக்கு மேல, எட்டுக்குக் கீழ. காகிதமே அதுக்கு இடம் குடுத்திருக்கு அண்ணி, நான்தான் எடுத்துக்கல!”

மூன்றாவது எதிர்முனையின் திருகைத் தளர்த்தி, அடியில் முடி கனத்தில் ஒரு பித்தளைத் தகட்டைச் செருகி முறுக்கினாள். அண்ணி அமுக்கினாள். மூன்றாவது இன்னும் பிந்தியது, ஆனால் முன்னளவு இல்லை. இன்னொரு தகடு. இன்னும் கொஞ்சம். மூன்றாவது தகட்டைச் செருகப் போனபோது அது இம்மியின் விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. இரண்டு பேரும் தரையில் மண்டியிட்டுத் தேடினார்கள். அண்ணிதான் கண்டுபிடித்தாள், அவள் சேலை மடிப்பிலேயே அது இருந்தது. செருகி, முறுக்கி, அமுக்கினார்கள்.

மூன்றும் ஒன்றாக எரிந்தன.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அண்ணி, டப்பாவைத் திறந்து ஒரு வாய் எடுத்து இம்மியின் வாயில் திணித்தாள். “மென்னுக்கிட்டே அடுத்ததை எடு,” என்றாள்.

ஒருத்தியால் ஆகிற வேலை இல்லை அது. ஒரு கை இரும்புத் தகட்டை மெதுவாக அழுத்திப் பிடிக்க வேண்டும், இரண்டு கைகள் திருகையும் பித்தளையையும் பார்க்க வேண்டும். சாப்பாட்டு நேரம் முடிந்து ஆட்கள் திரும்பினார்கள். அண்ணி பட்டைக்கு அந்தப் பக்கம் போகவில்லை. காந்தத்துக்குக் கம்பிக் காயில் சுற்றுகிற மனிதர், “என்னம்மா, எல்லை தாண்டிட்டீங்க?” என்று கேட்டார். “வீட்டுல ஒரே சமையல்கட்டு, இங்க மட்டும் என்ன எல்லை?” என்றாள் அண்ணி, தலை நிமிராமல். ஆனால் அவள் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்ததை இம்மி பார்த்தாள். முதலாளி எந்த நேரமும் வரலாம். வந்தால் இரண்டு பேரின் வேலையும் ஒரே வாசல் வழியாகப் போகும். ஐந்தாவது முடிந்தது, ஆறாவது முடிந்தது. ஒன்றுக்கு மூன்று தகடு போதும், ஒன்றுக்கு நாலு கேட்டது, ஒன்பதாவதுக்கு இரண்டே போதுமாயிருந்தது. ஒவ்வொரு தண்டுக்கும் ஒவ்வொரு குணம். பன்னிரண்டாவதை முடித்து வண்டியில் ஏற்றியபோது மணி மூன்று ஐம்பது. அண்ணி வண்டியைத் தள்ளிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள்.

இன்ஸ்பெக்டர் சரியாக நான்கு மணிக்கு வந்தார். இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டை, பேச்சுக் குறைவு. அண்ணியின் சோதனை மெஷினில் ஒவ்வொன்றாகப் பூட்டச் சொல்லி, பொத்தானைத் தானே அழுத்தினார். டக் என்று காந்தம் அடித்தது. திரையில் மூன்று கோடுகளும் தோளோடு தோள் ஒட்டி எழுந்தன. இரண்டாவது, மூன்றாவது, பன்னிரண்டு வரைக்கும். முதலாளியின் முகம் ஒவ்வொரு டக்குக்கும் ஒரு சுற்றுப் பெருத்தது. பட்டைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த இம்மி, தன் சாவிக் கயிற்றை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் சந்தோஷப்படவில்லை. “காலையில பன்னெண்டும் ஃபெயில்னு ரிப்போர்ட். சாயங்காலம் பன்னெண்டும் பாஸ். நடுவுல என்ன பண்ணீங்க?”

இம்மிதான் சொன்னாள். நடுவில் அமுக்கியது, ஓரத்தில் அமுக்கியது, தண்டின் முறுக்கம், பித்தளைத் தகடு என்று மூச்சுவிடாமல் சொன்னாள். சொல்கிற குஷியில், “அண்ணிதான் சார் அமுக்கினாங்க,” என்பதும் வந்துவிட்டது. வந்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“டெஸ்ட் பண்றவங்க செட்டிங்ல கை வச்சாங்களா?” இன்ஸ்பெக்டர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி அண்ணியைப் பார்த்தார். அண்ணி தன் செருப்பைப் பார்த்தாள். “அப்ப இந்த டெஸ்ட்டை நான் எப்படி நம்புறது? ரெண்டு பேரும் ஒரே வீடு வேற.”

அவர் ஏழாவது கான்டாக்டரைத் தூக்கிக்கொண்டு தானே பட்டையைத் தாண்டி வந்து இம்மியின் மேசையில் வைத்தார். மூன்றாவது முனையின் திருகை முழுக்கத் தளர்த்தினார். பித்தளைத் தகடுகள் மேசையில் உதிர்ந்தன. அவற்றையும் வாரி ஓரமாகத் தள்ளினார். “இப்ப என் முன்னாடி வைங்க. சரியா வந்தா எல்லாத்தையும் எடுத்துக்கறேன். வரலன்னா ஒண்ணும் வேணாம்.”

அண்ணி பழக்கத்தில் ஓரடி எடுத்து வைத்தாள். “நீங்க அங்கயே நில்லுங்க,” என்றார்.

“ஒரு ஆள் ஓரத்துல அமுக்கணும் சார்,” என்றாள் இம்மி. “எனக்கு ரெண்டு கைதான்.”

“நான் அமுக்குறேம்மா,” என்று முதலாளி முன்னால் வந்தார்.

“வேணாம் முதலாளி. நீங்க காலிங் பெல் அமுக்கற மாதிரி அமுக்குவீங்க.”

காயில்காரர் சிரிப்பை இருமலாக மாற்றினார். இன்ஸ்பெக்டர் வலது கைப்பொத்தானைக் கழற்றி, சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, இடது பக்கம் ஒடுங்கி வந்து நின்றார்.

முதல் தடவை மூன்றாவது பல்பு நன்றாகவே பிந்தியது. இம்மி இரண்டு தகடுகளைச் செருகினாள். மறுபடி அமுக்கச் சொன்னாள். “மெதுவா சார். வலிக்கற பல்லைத் தொட்டுப் பாப்போமே, அந்த மாதிரி.” அவர் அப்படியே தொட்டார். இன்னும் பிந்தியது. அவருடைய புருவம் மேலே போனது, அவரே குனிந்து வலது கோடியைப் பார்த்தார், “முறுக்குது,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார், குரலில் இருந்த கஞ்சி விறைப்பு கொஞ்சம் இளகியிருந்தது. இம்மி மூன்றாவது தகட்டை இரண்டு நகங்களுக்கு நடுவில் எடுத்தாள். இந்தத் தடவை அது நழுவவில்லை. செருகினாள். திருகை முறுக்கினாள்.

“ம், இப்ப அமுக்குங்க சார்.”

அவர் அமுக்க ஆரம்பித்தார். பட்டறையில் ஒரு மெஷினும் ஓடவில்லை. மஞ்சள் பட்டைக்கு அந்தப் பக்கம், கால்விரல் நுனி மட்டும் பட்டையில் பட நின்ற அண்ணி, தன்னை அறியாமல் கையை முன்னால் நீட்டியிருந்தாள். கட்டைவிரல் காற்றில் எதையோ அழுத்தியபடி, கொஞ்சம் கொஞ்சமாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது, நகம் வெளுத்திருந்தது. அந்த நகத்தின் மேல் மூன்று பல்பின் வெளிச்சமும் ஒரே வீச்சாக விழுந்தது.