ஒரே கயிற்றில் இரண்டு சம்பந்திகள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களின் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். நம் டீச்சரம்மா அதை மிதித்தே காலம் தள்ளியவள். வீட்டுக்கு வந்தாலும் கால் சும்மா இருக்காது. மகன் ஓட்டினாலும் மருமகள் ஓட்டினாலும் பக்கத்தில் உட்கார்ந்து வெறும் தரையைப் போட்டு மிதிப்பாள். "அம்மா, நீ பஸ்லயே வந்துடேன்" என்று மகன் கையெடுத்துக் கும்பிடாத குறை.

அப்படிப்பட்டவள் பனிமலை ஏறக் கிளம்பியதும் "நானும் வரேன்" என்று ஒட்டிக்கொண்டாள் மருமகளின் அம்மா. இப்போது ஒரே கயிற்றில் முன்னால் வழிகாட்டி, நடுவில் சம்பந்தி, கடைசியில் டீச்சரம்மா. ஒருவர் சறுக்கினால் மற்றவர்கள் தாங்கிக்கொள்ளத்தான் கயிறு. சம்பந்தியோ மூச்சு முட்டும் உயரத்திலும் வாய் ஓயாமல் ஆடி அசைந்து நடந்தாள். அவள் ஒவ்வொரு தடவை அசையும்போதும் டீச்சரம்மா கயிற்றைச் சுண்டி இழுத்தாள். மூன்று பேரும் நின்று நின்றுதான் போக முடிந்தது.

வழிகாட்டி சம்பந்தியை ஓரிடத்தில் உட்காரவைத்துவிட்டுப் பின்னால் வந்து தணிந்த குரலில் சொன்னான்: "வெயில் ஏறினா பனி இளகிடும்மா. அதுக்குள்ள உச்சிக்குப் போகணும். இன்னொரு தடவை இழுத்தீங்க, எல்லாரும் இறங்கிட வேண்டியதுதான்."

டீச்சரம்மாவுக்குச் சுருக்கென்றது. இந்த உச்சிக்காக மாடிப்படி ஏறி இறங்கியே முட்டியைத் தேய்த்துக்கொண்டவள் அவள். "அவங்க நடக்கறதப் பாருங்க! விழுந்து தொலைச்சா?"

"விழுந்தா பிடிங்க. அதுவரைக்கும் கயிறு தளர்வா பனியைத் தொட்டுட்டே இருக்கட்டும்."

விழாதவர்களையெல்லாம் பிடித்துப் பிடித்து வைத்திருக்கிறோமே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மகனை, மருமகளை, தன்னிடம் ஓட்டக் கற்று லைசென்ஸும் வாங்கிவிட்ட பல் டாக்டரைக்கூட! வெட்கமாக இருந்தது.

அடுத்து ஒற்றை ஆள் நடக்கிற அகலத்தில் ஒரு முகடு. இரண்டு பக்கமும் பாதாளம். நடுவழியில் சம்பந்தி தள்ளாடினாள். டீச்சரம்மாவின் கை கயிற்றுக்குப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு, தாங்கத் தயாராக நின்றாள், இழுக்கவில்லை. சம்பந்தி தானாகவே நிமிர்ந்து மேலே நடந்தாள்.

அட! அதற்கப்புறம் பிடித்தது பாருங்கள் வேகம். நெஞ்சு படபடக்க, கன்னம் எரிய, மூவரும் விறுவிறுவென்று ஏறினார்கள். உச்சி! இதற்கு மேல் வானம்தான். டீச்சரம்மா கூச்சத்தை விட்டுக் கத்தினாள். சம்பந்தியைக் கட்டிக்கொண்டு குதிக்கப் போனாள். "குதிக்காதீங்கம்மா!" என்று வழிகாட்டி அலறினான்.

"அது சரி சம்பந்தி," என்றாள் மற்றவள், மூச்சு வாங்கியபடி. "முகட்டுல ஏறினதுலேர்ந்து நீங்க சறுக்கவே இல்லையே, எப்படி?"

"நான் எப்பங்க சறுக்கினேன்?"

"கயிறு சுண்டறப்பல்லாம் நீங்க சறுக்கிட்டீங்கன்னு நெனச்சு, உங்களைத் தாங்கத்தானே நான் நின்னு நின்னு வந்தேன்? எனக்கு உயிரே போயிடுச்சு!"

டீச்சரம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வழியெல்லாம் தன்னை ஒருத்தி தாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்!

இறங்கும்போது வரிசை மாறும், இவள்தான் முதல் ஆள்.

"நான் பாட்டுக்குப் போறேன் சம்பந்தி. சறுக்கினா பிடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் காலை எடுத்து வைத்தாள்.