ஏழாவது தட்டு

தன் இடது கையில் ஏழு தட்டு நிற்கும் என்று சர்வர் சொல்லும்போதெல்லாம் அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிடும். உள்ளங்கையில் ஒன்று, விரல்களை விரித்து இரண்டு, மணிக்கட்டில் ஒன்று, அங்கிருந்து முழங்கை வரை மூன்று என்று அவர் தொட்டுத் தொட்டுக் காட்டுவார். "முதல்ல ஒரு டம்ளர் தண்ணிய சிந்தாம கட்டில் வரைக்கும் கொண்டு வாங்க, அப்புறம் நம்பறேன்" என்பாள்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடங்களில் அவள் ஒரு தடவைகூட அவருடைய உணவகத்துக்கு வந்து சாப்பிட்டதில்லை. அவருக்கு வேலை மும்முரமாக இருக்கும் மதிய நேரம்தான் அவளுக்கும் மும்முரமான நேரம். நான்கு தெரு தள்ளியிருந்த பள்ளிக்கூடத்தில் அவள் ஆயா. அங்கே என்ன வேலை என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, சின்னப் பசங்களைப் பாத்துக்கறது" என்பாள். அவரும் அதற்கு மேல் கேட்கமாட்டார்.

ஏழு தட்டை நிரூபிக்க இப்போது வழியும் இல்லாமல் போயிருந்தது. வீட்டில் இருந்தபடியே கைபேசியில் சாப்பாடு வரவழைக்க ஊர் பழகிக்கொண்டது. பதினெட்டு மேஜை கிடந்த கூடத்தில் மிச்சம் ஆறு, அவற்றிலும் உட்கார ஆளில்லை. மற்ற இடமெல்லாம் அட்டை டப்பாக்களும் காகிதப் பைகளும். டப்பாவைப் பையில் இறக்கி, வாயை மடித்து, ஸ்டேப்ளர் பின் அடித்து, சீட்டை ஒட்டி ஜன்னலோரம் வைப்பதுதான் சர்வரின் வேலை. தலைக்கவசத்தைக் கழற்றாமல் ஒருவர் எட்டிப் பார்த்து எண்ணை மட்டும் சொல்வார். பை போய்விடும். யார் சாப்பிட்டார்கள், உப்பு சரியாக இருந்ததா, ஒன்றும் தெரியாது. ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழுந்துகொண்டிருந்த "இன்னும் கொஞ்சம்" நான்கு வருடமாக விழவில்லை. பார்சலுக்கு ஏது இன்னும் கொஞ்சம்.

வருகிற திங்கட்கிழமை தச்சர் வருகிறார். ஆறு மேஜைகளையும் எடுத்துவிட்டுச் சுவர் முழுக்க அலமாரி. முதலாளி அளவெடுத்துச் சுவரில் பென்சில் கோடு போட்டு வைத்திருந்தார். சர்வர் அந்தக் கோட்டைப் பார்க்காமல் நடக்கப் பழகியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பியது. பதினான்கு சாப்பாடு, பள்ளிக்கூடத்துக்கு. 'பள்ளி உதவிப் பணியாளர் நன்றி நாள். மதியம் பன்னிரண்டரை. கேட்டில் கொடுக்கவும், ஆயா வந்து வாங்கிக்கொள்வார்.'

சர்வர் அதை மூன்று தரம் படித்தார்.

போன வருடமும் இதே நாளில் அவள் ஒரு டப்பாவை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். "எங்களுக்கு நன்றி சொல்லி சாப்பாடு போட்டாங்க. எல்லாருக்கும் எடுத்து வச்சு, டீச்சருங்க பேசி முடிச்சு, டப்பாவ அள்ளி, கூட்டி முடிக்கறதுக்குள்ள பெல் அடிச்சிருச்சு. வாங்க, ஆளுக்குப் பாதி." பையின் வாயில் இரண்டு பின்கள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. அப்படி அடிப்பவர் அந்த ஊரில் ஒரே ஒருவர்தான். சீட்டில் எண் மட்டுமே இருந்ததால் யாருக்கென்று தெரியாமல் காலையில் தான் கட்டியனுப்பிய பையைச் சாயங்காலம் தானே பிரித்தார். ஆறிப்போன சோற்றை இருவரும் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அவர்தான் தன் பாதியை முடிக்கவில்லை.

சீட்டில் இருந்த எண்ணுக்கு அவர் போன் போட்டார். எடுத்தது தலைமையாசிரியை.

"பார்சல் அனுப்ப முடியாதுங்களா?"

"தாராளமா முடியும்ங்க. ஆனா ஒண்ணு கேக்கணும். போன வருஷம் இந்த சாப்பாட்ட கேட்டுலேர்ந்து தூக்கிட்டு வந்தது யாரு? எடுத்து வச்சது யாரு? கடைசியில டப்பாவ அள்ளினது யாரு?"

மறுமுனையில் ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. மூன்றாம் வாய்ப்பாடு முழுதாக முடிந்தது.

"நீங்க யார் பேசறீங்க?"

"ஆயாவோட வீட்டுக்காரர்ங்க."

நான்காம் வாய்ப்பாடும் பாதி தாண்டியது.

"பன்னெண்டரைக்கு பதினாலு பேருக்கு உங்ககிட்ட இடம் இருக்குமா?" என்றார் தலைமையாசிரியை. "கேட்டு, பெல்லு, பசங்க எல்லாத்தையும் ஒரு மணி நேரம் நாங்க பாத்துக்கறோம்."

"இருக்குங்க. திங்கட்கிழமை கேட்டீங்கன்னா இருக்காது."

முதலாளியிடம் சொன்னபோது அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மதியம் பதினாலு பேர உள்ள உக்கார வச்சிட்டு நீ பரிமாறப் போயிட்டா, பார்சல் யாருய்யா கட்டறது?"

"நீங்கதான், முதலாளி."

"எனக்கு ஸ்டேப்ளர் எந்தப் பக்கம் புடிக்கணும்னே தெரியாதே."

"பின் வராத பக்கம்."

பன்னிரண்டரைக்குப் பதினான்கு பேரும் வந்தார்கள். வந்து, ஜன்னலோரம் வரிசையாக நின்றார்கள். பள்ளிக் காவலாளி தன் மீசையைத் தடவிக்கொண்டு, "பார்சல் ரெடியா சார்?" என்றார்.

"பார்சல் இல்லண்ணே. உள்ள வந்து உக்காருங்க."

உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. காவலாளி வாசலைப் பார்த்த நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு, பார்சல் எடுக்க யார் வந்தாலும் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டார். பெல் அடிக்கும் அலுவலக உதவியாளர் சுவர்க் கடிகாரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆயா மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "யாருங்க இங்க கூட்டறது? மூலையெல்லாம் அப்படியே இருக்கு" என்றாள்.

"நான்தான்" என்றார் சர்வர்.

"அதான பாத்தேன்."

சூப் வைத்தார். கிண்ணம் காலியானதுமே தோட்டக்காரர் அதைக் கழுவ எடுத்துக்கொண்டு எழுந்தார். சர்வர் வழிமறித்துப் பிடுங்கினார். இருவரும் கொஞ்ச நேரம் ஒரு கிண்ணத்தின் இரண்டு காதுகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அப்புறம் போன்கள் ஆரம்பித்தன. முதலில் தோட்டக்காரருக்கு: தொட்டி நிரம்பி மாடியிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, மோட்டாரை எங்கே நிறுத்துவது? "பச்சை சுவிட்ச் இல்ல மிஸ், அத தொடாதீங்க. தொட்டுட்டீங்களா? சரி, ஒதுங்கி நில்லுங்க." அடுத்து அலுவலக உதவியாளருக்கு: கணக்கு ஆசிரியர் பெல்லை மூன்று தடவை அடித்துவிட்டார், பாதிப் பள்ளி பையை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டது. "மூணு அடிச்சா வீட்டுக்கு சார்! அவங்க மேல தப்பே இல்ல." கேட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று காவலாளி பதறினார். ஓவிய ஆசிரியை என்று தெரிந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அவங்க யாரு என்ன கேட்டாலும் சரின்னு சொல்லிடுவாங்களே." கூடமே சிரித்தது.

மூன்றாவது போன் ஆயாவுக்கு. ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று டப்பாவைத் திறக்காமல் அழுதுகொண்டிருந்தது. ஆயா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "குடுங்க மிஸ், அதுகிட்ட குடுங்க." பிறகு அவள் குரல் மாறியது. தன் வீட்டில் சர்வர் கேட்டிராத குரல். எந்த அவசரமும் இல்லாத, பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரியான குரல்.

"தங்கம், ஒரு ரகசியம் சொல்றேன். மிஸ்ஸுக்கு டப்பா திறக்கத் தெரியாது. பாவம், யாரும் சொல்லிக் குடுக்கல. நீ ஒரு தடவ திறந்து காட்டறியா? மெதுவா காட்டு, அவங்க வெக்கப்படுவாங்க."

போனுக்குள் ஒரு மூடி திறந்துகொள்ளும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"பாத்தியா. இப்ப ஒரு வாய் சாப்பிட்டு, அதையும் சொல்லிக் குடு."

சர்வர் சமையலறை வாசலில் அப்படியே நின்றிருந்தார். ஒண்ணுமில்ல என்று பத்தொன்பது வருடம் அவள் சொன்னது இதைத்தான்.

"என்னய்யா மரம் மாதிரி நிக்கற? சாப்பாடு ஆறுது" என்றார் சமையல்காரர்.

"தட்ட அடுக்குங்க" என்று இடது கையை நீட்டினார் சர்வர்.

"எத்தன?"

"ஏழு."

"நாலு வருஷம் ஸ்டேப்ளர் புடிச்ச கைய்யா அது. ரெண்டு நடையா கொண்டு போ."

"அடுக்குங்க."

ஆறாவது தட்டு ஏறியதும் முழங்கை லேசாக நடுங்கியது. சர்வர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு ஏழாவதை வலது கையில் வாங்கிக்கொண்டு கூடத்துக்குள் நடந்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். பார்சல் எடுக்க வந்த ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பாதி அடித்த பின்னோடு முதலாளியும் பார்த்தார். ஆயா உதவிக்குப் பாதி எழுந்துவிட்டாள்.

"உக்காரு" என்றார் சர்வர்.

உட்கார்ந்தாள். அவர் ஒவ்வொரு தட்டாக இறக்கினார். சோறு, பொரித்த மீன், கீரை, ஓரத்தில் குழம்புக் கிண்ணம். ஒரு சொட்டு மேஜையில் விழவில்லை. அவள் உதடு அசைய எண்ணிக்கொண்டே வந்தாள்.

"ஆறுதான் இருந்துச்சு கையில."

"ஏழாவது இந்தக் கையில" என்று அவளுக்கு முன்னால் வைத்தார்.

"அது கணக்குல சேராது." சொல்லிவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஆனா சிந்தல. அப்ப வீட்டுல மட்டும் எப்படி சிந்துது?"

"வீட்டுல யாரு பாக்கறா?"

அவள் அவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

முதலாளி வந்து சர்வரின் காதருகே குனிந்தார். அவர் கட்டைவிரலில் ஒரு துணி சுற்றியிருந்தது. "அந்த டீச்சரம்மா போன் பண்ணாங்க. மூச்சு வாங்குது அவங்களுக்கு. மாசா மாசம் ஒரு நாள் இதே மாதிரி வேணுமாம். அலமாரிய சமையல்கட்டுப் பக்கச் சுவரோட நிறுத்திக்கச் சொல்றேன். மேஜை கிடந்துட்டுப் போகட்டும்."

"விரல்ல என்ன முதலாளி?"

"பின் வந்த பக்கம் புடிச்சிட்டேன்யா."

சர்வர் அடுத்த ஏழுக்காகச் சமையலறைக்குத் திரும்பினார். கதவைத் தொடுவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், கொஞ்சம் அதிகாரமாக, கொஞ்சம் சிரிப்போடு, ஒரு வாடிக்கையாளரின் குரலில் கூப்பிட்டது.

"சர்வர், குழம்பு இன்னும் கொஞ்சம்."