வண்டி மாறிய ஜோதிமணி

ஏற்காட்டில் அன்று காலை பனி அப்படி இறங்கியிருந்தது. பகோடா பாயிண்டில் நின்றால் கீழே ஊர் ஊராகத் தெரியும் என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்கள். ஜோதிமணிக்குத் தெரிந்தது தன் செருப்பு மட்டும்தான்.

அவளும் கணவன் கந்தனும் மானாமதுரைப் பக்கமிருந்து ஓசூருக்கு வந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவனுக்கு வேலை. அவன் ஷிப்டுக்காரர்கள் குடும்பத்தோடு வேன் பிடித்து ஏற்காடு போவதென்று முடிவானபோது, ஜோதிமணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏங்க, போட்ல போவமா?"

கந்தனுக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது. "நேரமிருந்தா பாப்பம்" என்றான். அதற்கு மாட்டேன் என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும்.

மலையேறும் வழியில் குளிருக்காக அவள் ஒரு நீலக் கம்பளிக் குல்லா வாங்கிப் போட்டுக்கொண்டாள். அந்தக் கடையில் அன்றைக்கு நீலக் குல்லா வாங்கியவள் அவள் ஒருத்தி மட்டுமல்ல.

பகோடா பாயிண்டிலிருந்து புறப்படும் நேரத்தில் பனிக்குள் எங்கோ ஹாரன் கேட்டது. சத்தம் வந்த பக்கம் நடந்தாள். வெள்ளை வேன் ஒன்று நின்றது. கதவருகே ஒரு பெண் கையை நீட்டி, "பாரம்மா, பாரம்மா" என்று அவசரப்படுத்தினாள். எதைப் பார்க்கச் சொல்கிறாள் என்று ஜோதிமணி சுற்றுமுற்றும் பார்த்தாள். கன்னடத்தில் அதற்கு 'வாம்மா' என்று பொருள் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. அதற்குள் அந்தக் கை அவளைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றிப் போயிருந்தவள், கிடைத்த சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி கிளம்பியது.

கண்ணைத் திறந்தபோது ஒரு முகம்கூடத் தெரிந்த முகமில்லை. கையைப் பிடித்து இழுத்தவள் அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா நீ?"

"நான் ஓசூர் வேன்லங்க..."

அந்தப் பெண்ணின் பெயர் நாகம்மாள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகியும் தக்காளியும் போடுகிற குடும்பம். சொந்தக்காரர்களாகச் சேர்ந்து வந்திருந்தார்கள். வீட்டுப் பேச்சு கன்னடம், வெளியில் தமிழ்.

"எங்க நாத்தனா சரோஜம்மான்னு நெனச்சி இஸ்துட்டேன் கண்ணு. அவளுதும் இதே குல்லாதான். பயப்படாத, குந்து."

"அப்ப அவங்க எங்கக்கா?"

வண்டிக்குள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜோதிமணியின் போன் அவள் பையோடு ஓசூர் வேனில் இருந்தது. நாகம்மாளின் போனை வாங்கிக் கந்தனை அழைத்தாள்.

"ஏங்க, நான் வேற வண்டியில ஏறிட்டேங்க."

"வெளையாடாத ஜோதி. தலைய எண்ணி சரியா இருக்குன்னுதான வண்டிய எடுத்தோம். பின்னாடி சீட்லதான உக்காந்திருக்க. குல்லா தெரியுது."

"எந்திரிச்சுப் போயி அந்தக் குல்லாவ ஒருதடவ கூப்பிட்டுப் பாருங்க."

போனில் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கந்தன் "ஜோதி" என்று அழைப்பதும், வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு ஒரு குரல் "ஏனப்பா?" என்று கேட்பதும் கேட்டன. சரோஜம்மாள் நிம்மதியாக உட்கார்ந்து ஜோதிமணி சுட்டு வந்த முறுக்கைத் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் வேறு யாரோ வீட்டு விருந்தாளி என்று நினைத்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவளும் இவர்கள் யாரென்று பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

இதை ஜோதிமணி சொல்லி முடிப்பதற்குள் வண்டி முழுக்கச் சிரிப்பு கிளம்பிவிட்டது. நாகம்மாளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இரண்டு வண்டியும் ஏரிக்கரையில் சந்திப்பதென்று பேசி முடித்தார்கள்.

ஏரிக்கு நாகம்மாளின் வேன்தான் முதலில் வந்து சேர்ந்தது. பனி மெல்ல விலகிக்கொண்டிருந்தது. ஜோதிமணி படகுகளைப் பார்த்த பார்வையிலேயே நாகம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அவுங்க வர்ற வரைக்கும் கரையில நின்னு என்னா பண்ணப் போற? ஏறு."

மிதிபடகில் இருவரும் ஏறினார்கள். முதலில் படகு ஓரிடத்திலேயே சுற்றியது. பிறகு ஒருத்தி மிதிக்க, இன்னொருத்தி திருப்ப, ஒருவழியாக நடு ஏரிக்குப் போய்விட்டது. முகத்தில் குளிர்காற்று அடித்தது. குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜோதிமணி காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கந்தன் அடித்துப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடி வந்தபோது, காணாமல் போன பெண்டாட்டி நடு ஏரியிலிருந்து கையாட்டினாள். திட்டுவதற்காக வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அவனுக்கு மறந்துபோனது. அவளை இப்படிச் சிரித்து அவன் ஓசூரில் பார்த்ததே இல்லை.

"பத்திரமா திருப்பு ஜோதி" என்று மட்டும் கரையிலிருந்து கத்தினான்.

மதியம் இரண்டு கூட்டமும் மரத்தடியில் ஒன்றாக உட்கார்ந்தது. ஓசூர்க்காரர்களின் எலுமிச்சை சாதம் அங்கே போனது. அவர்களுடைய ராகி ரொட்டியும் கடலைச் சட்னியும் இங்கே வந்தன. கார்த்திகை முடிந்ததும் அவரைக்காய் பறிக்க இருவரும் ஊருக்கு வந்துவிட வேண்டுமென்று நாகம்மாள் கந்தனிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். சரோஜம்மாள் மீதி முறுக்கு டப்பாவைக் கேட்டே வாங்கிக்கொண்டாள்.

திரும்பும்போது கந்தன் டிரைவர் பக்கத்துச் சீட்டை வேறொருவருக்கு விட்டுவிட்டுப் பின்னால் வந்து ஜோதிமணியோடு உட்கார்ந்தான்.

"தண்ணி ரொம்ப ஆழமா?"

"நான் எங்க ஆழத்தப் பாத்தேன்? நாகம்மாக்கா சொன்ன கதையக் கேளுங்க. அவங்க தோட்டத்துக்கு ஒரு யானை வருமாம்..."

தொப்பூர் தாண்டி, தருமபுரி தாண்டி, கிருஷ்ணகிரி விளக்குகள் தெரிகிற வரைக்கும் அவள் பேசிக்கொண்டே வந்தாள். கந்தன் ஒரு கொட்டாவிகூட விடாமல் கேட்டுக்கொண்டு வந்தான்.